புயல் கடந்த பின் பத்து நாள்

(நாகப்பட்டினம் பக்கத்து மீனவ கிராமம் ஒன்றின் படிப்பகத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பரவாயில்லை. எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை இது, மைக் இல்லாமலும் கேட்கும்.

"புயல் எச்சரிக்கை பற்றிப் பேசுங்கள் அண்ணே" என்றுதான் கூப்பிட்டார்கள். அதைப் பேச நான் எதற்கு? வானிலை மையம் சொல்கிறது, துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள், பஞ்சாயத்தில் மைக் போட்டுச் சொல்கிறார்கள், போனில் குறுஞ்செய்தி வந்து குவிகிறது. 2017-இல் ஒக்கி அத்தனை பேரைக் கொண்டுபோன பிறகு, புயலுக்கு முன்னால் சொல்வது எவ்வளவோ தேறியிருக்கிறது. புயல் போன பிறகுதான் யாரும் வாயைத் திறப்பதில்லை. "தடை விலக்கப்பட்டது" என்று ஒரு வரி வரும். மறுநாள் விடியும் முன்னே எல்லாப் படகும் இறங்கிவிடும். வீட்டில் அரிசி இல்லை, வட்டிக்காரர் வாசலில் நிற்கிறார், இறங்காமல் என்ன செய்வது? சரி. ஆனால் எந்தக் கடலில் இறங்குகிறோம்? அந்த முதல் பத்து நாள் கடலைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

2018 நவம்பர் 16, கஜா. நள்ளிரவு தாண்டி, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே ஏறியது. கோடியக்கரை சீசன் சூடு பிடித்திருந்த நேரம். அக்டோபர் தொடங்கி மார்ச் வரை வெளியூர் ஆட்கள் வந்து தங்கித் தொழில் செய்கிற இடம் அது. காலா, வாவல், சீலா, நண்டு, இறால் எல்லாம் விழுகிற மாதங்கள். படகு போனது, வலை போனது, தென்னை மொத்தமும் சாய்ந்தது. அதெல்லாம் பேப்பரில் வந்தது. கடலுக்கு அடியில் என்ன ஆனது என்பது மட்டும் எதிலும் வரவில்லை.

ஒரே ஒரு தடயம் கரையிலேயே கிடந்தது. வேதாரண்யம் கடற்கரையில் சேறு ஒதுங்கியிருந்ததே, நினைவிருக்கிறதா? மணலில் நடந்து பழகிய கால் அங்கே புதைந்தது. பார்க்க வந்த டவுன்காரர்கள் "கடல் சேறு கக்கிவிட்டது" என்று போட்டோ எடுத்தார்கள். கக்கியதுதான், ஆனால் எங்கேயிருந்து? நாம் வலை போடுகிற தரையிலிருந்து.

கணக்கு எளிது. எட்டு விநாடிக்கு ஓர் அலை என்று வந்தால், ஆழமான கடலில் அந்த அலையின் நீளம் சுமார் 100 மீட்டர். நீளத்தில் பாதி ஆழம் வரைக்கும் அலையின் ஆட்டம் கீழே இறங்கும். அதாவது 50 மீட்டர். நம் தெற்குப் பக்கம், கோடியக்கரை முனை திரும்பினால், பத்துப் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டாத கடலே அதிகம். அப்படியென்றால் புயல் அலை அங்கே மேலே மட்டும் ஆடவில்லை, தரையைப் பிடித்து உழுதிருக்கிறது. முனைக்கு வடக்கே, வங்கக்கடல் பக்கம் வெளியே போகப் போக ஆழம் உண்டு. அதனால்தான் ஒரே புயலுக்குப் பிறகு ஒருவன் "தண்ணி தெளிஞ்சிருச்சு" என்பான், இன்னொருவன் "இன்னும் கஞ்சித் தண்ணிதான்" என்பான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

அந்தச் சமயம் நானும் மச்சானும் ஃபைபர் படகில் நண்டு வலைக்குப் போனோம். காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியது போலப் படுத்துக் கிடந்தது. வழக்கமான இடம், ஜிபிஎஸ்ஸில் குறித்த புள்ளி. நங்கூரத்தைப் போட்டுவிட்டு, ஏதோ சந்தேகத்தில் மச்சான் உடனே தூக்கினார். நங்கூரத்தின் கொழுமுனையில் ஒட்டியிருந்த சேற்றை இரண்டு விரலால் நசுக்கி மூக்கருகே கொண்டுபோனார். முகம் சுளித்தது. என்னிடம் நீட்டினார். கறுப்பு, நெய் மாதிரி வழவழப்பு, அழுகிய முட்டை வாடை. அங்கே எப்போதும் வருவது சாம்பல் நிறம், கையில் மணல் நறநறக்கும். "இது நம்ம தரை இல்ல மாப்ள" என்றார்.

காற்றுப்படாமல் அடியில் வெகுநாள் புதைந்து கிடந்த சேறு அது. அப்படிப்பட்ட சேறு கிளறப்பட்டு மேலே வந்தால் தண்ணீரில் இருக்கும் உயிர்க்காற்றைத் தின்னும். நண்டு அங்கே நிற்காது. மச்சான் பேச்சைக் கேட்டு நான் திரும்பியிருக்க வேண்டும். டீசல் செலவாகிவிட்டதே என்று கொஞ்ச தூரம் தள்ளி வலையை விட்டேன். அங்கே தரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இழுக்கும்போது பாதியில் நின்றது. அடியில் ஒரு மரம். சவுக்கா தென்னையா தெரியாது, வெள்ளத்தில் இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டது. வலையில் பாதியை அங்கேயே அறுத்து விட்டோம். கிடைத்த பாடு என்று பார்த்தால் பதினொரு நண்டு. மச்சான் எண்ணினார், நான் எண்ணவில்லை.

அப்புறம் முகத்துவாரம். காற்று நின்றாலும் பெருமூச்சு மாதிரி நீளமான அலை இரண்டு மூன்று நாள் வந்துகொண்டே இருக்கும். வெளியே ஆளுக்குத் தெரியாது, படகைத் தூக்கி இறக்கும், அவ்வளவுதான். ஆழம் குறைகிற இடத்தில்தான் அது எழும்பி உடையும். கடுவையாறு வாயில், வெட்டாறு வாயில், வெள்ளம் வெளியே தள்ளுகிறது, அலை உள்ளே தள்ளுகிறது, நடுவே மணல்திட்டு இடம் மாறியிருக்கும். போன வாரம் போன வழி இந்த வாரம் திட்டு. தண்ணீர் வற்றுகிற நேரத்தில் கரையில் அரைமணி உட்கார்ந்து, அலை எங்கே வெள்ளையாக உடைகிறது என்று பார்த்தாலே போதும். இதை யாரும் செய்வதில்லை, பீடி பிடிக்க அரைமணி இருக்கிறது.

இப்போது எல்லோரும் கேட்கிற கேள்வி. "புயலுக்குப் பிறகு மீன் கொட்டும்" என்று தாத்தா காலத்திலிருந்து சொல்கிறோமே, உண்மையா? பாதி உண்மை. காற்று கடலைக் கலக்கினால் அடியிலுள்ள சத்து மேலே வரும், அதில் கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகும், அதைத் தின்ன சிறுசுகள், சிறுசைத் தின்ன பெரிசுகள். அரபிக் கடலில் இது நன்றாகவே நடக்கும். நம் வங்கக்கடலின் குணம் வேறு. கங்கை, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் கொட்டிய தண்ணீர், ஐப்பசி கார்த்திகையில் வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீவாட்டோடு, அதாவது கடல் நீரோட்டத்தோடு, நம் பக்கம் வருகிறது. உப்புக் குறைந்த தண்ணீர் இலகு, கனத்த தண்ணீரின் மேல் மூடி போட்டது போல மிதக்கும். அந்த மூடியைப் புயலால்கூட எளிதில் உடைக்க முடிவதில்லை. அதனால் வெளிக்கடலில் கொட்டும் என்று நம்பி ஆயிரம் லிட்டர் டீசல் அடித்துப் போகிற விசைப்படகு அண்ணன்மார், கொஞ்சம் யோசித்துப் போகலாம்.

கரையோரத்தில் கதையே வேறு. மழைவெள்ளம் கழிமுகத்தை உடைத்துவிடுகிறது. உள்ளே அலையாத்திக் காட்டில், உப்பங்கழியில் வளர்ந்த இறாலும் மடவையும் உப்பு குறையக் குறைய வெளியே இறங்கும். முத்துப்பேட்டைக்காரர்களைக் கேளுங்கள், விரலைக் காட்டியே அளவு சொல்வார்கள். கலங்கல் தண்ணீரில் மீனுக்கு வலைக்கண் தெரியாது, அதனால் பகலிலேயே செவுள் வலையில் விழும். அதே கலங்கல், தூண்டிலுக்குச் சனி. சீலா கண்ணால் வேட்டையாடுகிற மீன், இரையே தெரியாதபோது எதைக் கடிக்கும்? ஆக, தெளிகிற வரை தூண்டில்காரன் வீட்டில் இருக்கலாம், வலைக்காரன் கரையோரம் போகலாம். கலங்கலும் தெளிவும் சந்திக்கிற கோடு ஒன்று கடலில் தெரியும், பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவே நுரையும் குப்பையுமாக. அந்த ஓரத்தை ஒட்டி வலையை விடுங்கள்.

ஹைதராபாத்திலிருந்து இன்காய்ஸ் என்கிற அரசுக் கடல் தகவல் மையம், மீன் கிடைக்கும் இடம் என்று அனுப்புகிறதே, அது போதாதா என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல வேலைதான், நானும் பார்க்கிறேன். ஆனால் அது செயற்கைக்கோள் பார்க்கிற கடலின் சூட்டையும் பச்சையையும் வைத்துச் சொல்வது. மேகம் மூடினால் அந்தக் கண்ணுக்கும் தெரியாது. புயல் முடிந்த வாரத்தில் நம் வானத்தில் மேகம் இல்லாத நாள் எத்தனை? அது போக, தரையில் மரம் கிடப்பதை எந்தக் கோளும் சொல்லாது. யார் வலை எங்கே மாட்டியது என்று வயர்லெஸ்ஸில் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்தவன் வலை தப்பும். கேவலம் என்று மறைக்கிறோம். நானும் அன்று யாரிடமும் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து அதே மரத்தில் என் பெரியப்பா மகன் வலை மாட்டியது. இன்றைக்குத்தான் அவனுக்கே தெரிகிறது, அதோ பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்.

(சிரிப்பு)

சரி, நேரமாகிறது. போன வாரம் அடித்த காற்றுக்குப் பிறகு வடக்குத் தரையை இன்னும் யாரும் பார்க்கவில்லை. நாளைக்கு வலை ஏற்றாமல், நங்கூரமும் கயிறும் மட்டும் எடுத்துக்கொண்டு நானும் மச்சானும் போகிறோம். நாலு இடத்தில் போட்டுத் தூக்கி, சேறு பார்த்து, பத்து மணிக்குள் திரும்பிவிடுவோம். டீசல் என் கணக்கு. வருகிற தம்பிகள் நாலரைக்கு ஐஸ் பிளான்ட் பக்கம் நில்லுங்கள்.