காரவானுக்குத் தலைக்கனம் வேணும்

வணக்கம் மக்களே. தென்னாப்பிரிக்கா, டர்பன் சாட்ஸ்வொர்த்துலேர்ந்து பேசறேன். மைக்குல காத்து இரைஞ்சா பொறுத்துக்குங்க, வாசல்லதான் நிக்கறேன். கடல்காத்து இன்னிக்கு ஆளையே தூக்குது.

பின்னாடி நிக்குதே, அது என்னோட 2008 ஃபார்ச்சூனர். 3.0 டீ-ஃபோர்-டீ டீசல் இஞ்சின், கை கியர். இங்க பக்கத்துல ப்ராஸ்பெக்டன் டொயோட்டா ஃபாக்டரில செஞ்ச வண்டி. 3 லட்சத்து 12 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியாச்சு. அதுக்குப் பின்னாடி மாட்டியிருக்கறது காரவான். சென்னைலேர்ந்து பாக்கறவங்களுக்குச் சொல்றேன், கட்டில், அடுப்பு, குட்டி ஃப்ரிட்ஜ் எல்லாம் உள்ள இருக்கும், இஞ்சின் மட்டும் இருக்காது. நாமதான் இழுத்துட்டுப் போகணும். ஸ்கூல் லீவு விட்டா என்-3 ரோடு பூரா இதுதான்.

பாக்கறவங்க எல்லாரும் கேக்கறது, "பழைய வண்டியாச்சே, இழுக்குமா?" இழுக்கும். 343 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சக்கரத்தைத் திருப்பற விசை, இருக்கு. மாரிட்ஸ்பர்க் தாண்டி ஹில்டனுக்கு ஏறுற "டவுன் ஹில்"ங்கற மேட்டுல மூணாவது கியர், 60 ஸ்பீடு, டெம்பரேச்சர் முள் அசையல. கிளம்பறதுக்கு முன்னாடி ரேடியேட்டர்ல ஒட்டியிருந்த பூச்சியும் புல்லும் கழுவி, கூலன்ட் மாத்தினேன், அவ்வளவுதான். டீசல் மட்டும் குடிக்குது. தனியா ஓடினா நூறு கிலோமீட்டருக்கு 10 லிட்டர், இதை மாட்டினா 16.

நேரா வருமா, நிக்குமான்னு யாருமே கேக்கல. நானும் கேக்கல.

போன லீவுல டிராக்கன்ஸ்பர்க் மலைக்குப் போயிருந்தோம், வின்டர்டன் பக்கம். போகும்போது ஒரு வம்பும் இல்ல. திரும்பற அன்னிக்குக் காலைல நல்ல மழை. அவசர அவசரமா கூடாரத் துணியை, இங்க ஆனிங்னு சொல்லுவோம், நனைஞ்சபடியே சுருட்டி காரவானோட பின்பக்கம் எறிஞ்சேன். ஆயாவோட பிரியாணி அண்டா, தண்ணி கேன், எல்லாம் பின்னாடி. ஹில்டன்லேர்ந்து இறங்கறேன், 90ல. ஒரு பஸ் சர்ருன்னு ஓவர்டேக் பண்ணிச்சு பாருங்க... காரவான் லேசா ஒரு ஆட்டம். அப்புறம் இன்னொண்ணு, அதைவிடப் பெரிசா. கண்ணாடில பாத்தா வலது பக்கம் தெரியுது, உடனே இடது பக்கம் தெரியுது. ஃபார்ச்சூனரோட பின்பக்கத்தையே சேத்து ஆட்டுது. பின் சீட்டுல ஆயா "முருகா முருகா"ங்கறாங்க.

அந்த நேரத்துல பிரேக்கை ஒரே மிதியா மிதிக்கத் தோணும். கூடாது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டவும் கூடாது, ஆட்டம் கூடும். ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்துட்டு, ஸ்டியரிங்கை நேரா இறுக்கிப் பிடிச்சேன். ஸ்பீடு குறையக் குறைய ஆட்டமும் அடங்கிச்சு. இறக்கத்துல 90ல வந்ததே என் தப்புதான். மேடு ஏறின கியர்லயே இறங்கணும்.

சரி, ஏன் ஆடிச்சு? இங்க வாங்க, காட்டறேன். கேமராவைக் கீழ வைக்கறேன்.

இது பாத்ரூம்ல எடை பாக்கற மெஷின். வீட்டம்மா தேடறதுக்குள்ள முடிச்சுடணும். இது துடைப்பக் கட்டை, ஃபார்ச்சூனர் பின்னாடி காரவானை மாட்டற டோபார் உருண்டை இருக்கற உயரத்துக்கு அறுத்து வச்சிருக்கேன். காரவான் சக்கரத்துக்குக் கல்லு கொடுத்தாச்சு. மெஷின் மேல கட்டை, காரவானோட மூக்கை, அதாவது வண்டில மாட்டற முனையை, கட்டை மேல உக்கார வச்சு, முன்னாடி தாங்கற குட்டிச் சக்கரத்தை, ஜாக்கி வீலை, மேல தூக்கறேன். நனைஞ்ச ஆனிங்குக்கு பதிலா ரெண்டு தண்ணி கேன், ஒவ்வொண்ணும் 25 லிட்டர், அண்டாவோட சேத்து அன்னிக்கு மாதிரியே பின்னாடி வச்சிருக்கேன். முள் பாருங்க. 28 கிலோ. இப்போ அதே சாமானை அப்படியே அச்சுக்கு மேல நகத்தறேன்... உஃப்... 63. ஒரு பொருளைக் கூட வெளிய எடுக்கல.

என் காரவான் சாமானோட 1,100 கிலோ. மூக்குல அதுல 5லேர்ந்து 7 சதவீதம் உக்காரணும், அதாவது 55லேர்ந்து 77 கிலோ. அன்னிக்கு வெறும் 28, பின்பக்கம் கனம், அதான் ஆடிச்சு. என் டோபார் ப்ளேட்ல 100 வரைக்கும்னு இருக்கு. தலைக்கனம் மனுஷனுக்குத்தான் ஆகாது, காரவானுக்குக் கட்டாயம் வேணும்.

நிக்கற விஷயம். இதுல இருக்கறது ஓவர்ரன் பிரேக். முன்னாடி வண்டி வேகம் குறைச்சா, காரவான் வந்து முட்டும். அந்த முட்டல்ல இந்த ராடு உள்ள போய் டிரம் பிரேக்கை இழுக்கும். ரிவர்ஸ் எடுத்தாலும் அதே முட்டல்தான், பிரேக் பிடிச்சுக்கும். அப்போ பிடிக்காம தடுக்கத்தான் இந்த லீவர். மறந்துட்டு கிளச்சைக் கருக்கினவன் உங்க முன்னாடி நிக்கறேன். இந்த நாட்டுச் சட்டப்படி ஓவர்ரன் பிரேக் மட்டும் இருந்தா, காரவானோட ஜிவிஎம், அதாவது சாமானோட சேத்து அனுமதிச்ச அதிகபட்ச எடை, இழுக்கற வண்டியோட டேரை, அதாவது வெறும் வண்டி எடையை, தாண்டக் கூடாது. ரெண்டும் வண்டில ஒட்டற லைசென்ஸ் டிஸ்க்லயே அச்சடிச்சிருக்கும். ஜிவிஎம் 750 கிலோவுக்கு மேலன்னா ஓட்டறவரோட டிரைவிங் லைசென்ஸ்ல ஈபி கோட் வேணும், வெறும் பி பத்தாது. என் தம்பிக்கு பிதான். அதனால அவன் பாட்டு போடற வேலை மட்டும்.

டயர் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். பட்டன் புதுசா இருக்கேன்னு நம்பாதீங்க, காரவான் டயர் தேயாது, நின்னே கிழவனாகும். பக்கவாட்டுல கடைசி நாலு நம்பர்: 1411ன்னா 2011ஆம் வருஷம் 14ஆவது வாரம். என் ஸ்டெப்னி 2009. அதை மாத்திட்டுத்தான் மறுவேலை.

வெள்ளிக்கிழமை மறுபடி வின்டர்டன். அண்டா இந்தத் தடவை அச்சுக்கு மேல, கட்டிலுக்கு அடில. "அதுக்குள்ள வெங்காயத்தைப் போடு, இடம் மிச்சம்"னு ஆயா உத்தரவு. இதோ கூப்பிடறாங்க... வந்துட்டேன் ஆயா! எடை மெஷினை எங்கன்னு கேக்கறாங்க. வரேன் மக்களே.