ஊரில் சொந்தம், இங்கே கிளியரன்ஸ்

வணக்கம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, பாதுகாப்புத் துறைக்கு ஒப்பந்தப் பணி செய்யும் நிறுவனத்தில் வேலையும் கிடைத்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "அம்மா அப்பா இந்தியாவில் இருக்காங்க. செக்யூரிட்டி கிளியரன்ஸ் கிடைக்குமா?"

கிடைக்கும். கிளியரன்ஸ் என்பது அரசின் ரகசியத் தகவல்களைப் பார்க்கத் தரும் அனுமதி. வெளிநாட்டில் சொந்தம் இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரையும் ஒதுக்குவதில்லை. 2017 ஜூனில் நடைமுறைக்கு வந்த விதிமுறையில் கடன், குடி, போதைப்பொருள் என்று 13 தலைப்புகள் உண்டு. வெளிநாட்டுச் செல்வாக்கு அதில் இரண்டாவது. அந்த உறவைப் பிடித்து உங்களை யாராவது நெருக்க முடியுமா என்பதுதான் அங்கே கேள்வி. எந்த நாடு, அதன் அரசு அமெரிக்க ரகசியங்களுக்கு வலைவீசுகிறதா, உறவினர் அங்கே என்ன வேலையில் இருக்கிறார் என்றெல்லாம் பார்ப்பார்கள். கனடாவில் இருக்கும் அக்காவும் சீனாவில் இருக்கும் அக்காவும் அவர்கள் கணக்கில் ஒன்றல்ல. உங்கள் வேர் இங்கே எவ்வளவு ஆழமாக ஓடியிருக்கிறது என்பதும் கணக்கில் வரும்.

சரி, படிவத்துக்கு வருவோம். கிளியரன்ஸுக்காக நீங்கள் நிரப்ப வேண்டிய எஸ்.எஃப். 86. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 18ஆம் பிரிவில் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள், மாமனார், மாமியார் எல்லோரும் வர வேண்டும், காலமானவர்கள் உட்பட. வெளிநாட்டில் இருப்பவரென்றால் போனிலா நேரிலா, எத்தனை நாளுக்கு ஒருமுறை பேசுகிறீர்கள், அவருக்கு அரசோடோ ராணுவத்தோடோ தொடர்பு உண்டா என்று கேள்வி நீளும். அத்தை, சித்தப்பா அந்தப் பட்டியலில் இல்லை. அப்பாடா என்று மூச்சு விடாதீர்கள்! கடந்த 7 ஆண்டுகளில் பாசத்தாலோ கடமையாலோ நெருங்கிப் பழகும் வெளிநாட்டுக் குடிமக்களை 19ஆம் பிரிவு கேட்கிறது. ஞாயிறுதோறும் வாட்ஸ்அப்பில் "சாப்பிட்டியா?" என்று கேட்கும் அத்தை அங்கே வந்துவிடுவார்.

எனக்குத் தெரிந்த ஒரு பொறியாளர். மாமனார் இந்திய ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். "எதுக்கு வம்பு, தனியார் வேலைன்னு போட்டுடவா?" என்றார். போடாதீர்கள் என்றேன். மனைவி வீட்டுச் சொந்தம்தானே என்று தள்ளிவிடவும் முடியாது. அவர்கள் மேலும் உங்களுக்குப் பாசம் உண்டு என்றே கிளியரன்ஸ் வழக்குகளை விசாரிக்கும் நீதிபதிகள் எடுத்துக்கொள்வார்கள். பொறியாளர் உள்ளதை எழுதினார். நேர்காணலுக்கு வந்த அதிகாரி, மாமனாருக்கு ஓய்வூதியம் எங்கிருந்து வருகிறது, பழைய சகாக்களோடு பழக்கம் உண்டா, மருமகனின் வேலை அவருக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். அந்த மாமனாரை மறைத்திருந்தால்? நடத்தை என்ற வேறொரு தலைப்பில் சிக்கியிருப்பார். தெரிந்தே பொய் எழுதுவது 5 ஆண்டு வரை சிறைக்குரிய கூட்டாட்சிக் குற்றமும்கூட. மறுபடியும் சொல்கிறேன், மாமனார் இருப்பது சிக்கலில்லை. அவரை ஒளிப்பதுதான் சிக்கல்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். ஊரில் உள்ள வீடு, நிலம் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். அது 20ஆம் பிரிவு. பூர்வீகச் சொத்தில் உங்கள் பெயர் இருந்தாலும் எழுதிவிடுங்கள். அப்புறம், ஒப்பந்த நிறுவன ஊழியருக்கு, கிளியரன்ஸ் தரத் தயங்குவதற்கான காரணங்களைச் சொல்லும் ஆட்சேபக் கடிதம் வந்தால், கையில் கிடைத்த 20 நாளுக்குள் பதில் போக வேண்டும். அந்தப் பதிலிலேயே நீதிபதி முன் விசாரணை வேண்டும் என்றும் கேட்டுவிடுங்கள். வணக்கம்.