ஒரு கை பார்த்துவிடும் குணம்

நேயர்களுக்கு வணக்கம்.

தர்மபுரியில் சாயங்கால நடைக்கு வருகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். நாலு பேர் ஊர்க்கதை பேசிக்கொண்டே கிளம்புவார்கள். பின்னாலிருந்து யாரோ ஒருவர் தாண்டிப் போனதும், அந்த நாலு பேரில் ஒருவருக்கு மட்டும் கால் தானாக வேகம் எடுக்கும். பேச்சு பாதியில் நின்றுவிடும். தாண்டிப் போனவர் யாரென்றே இவருக்குத் தெரியாது. அவர் பஸ்ஸைப் பிடிக்கக்கூடப் போயிருக்கலாம். ஆனாலும் இவரால் விட முடியாது.

தொழிலில் இந்தப் போட்டி வேகம் சோறு போடும். பொழுதுபோக்கிலும் அதே வேகம் வந்தால் தூக்கம் கெடும், முழங்கால் கெடும், சிநேகமும் கெடும். "விட்டுக்கொடுங்க சார், விளையாட்டுத்தானே" என்கிற புத்திமதி இவர்களிடம் செல்லுபடியாகாது. குணத்தை மாற்று என்பதைவிட ஆட்டத்தின் விதியை மாற்றுவது சுலபம். எதை எண்ணுவது, எப்போது நிறுத்துவது என்ற இரண்டையும் ஆரம்பிப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். சூடு ஏறிய பிறகு எடுக்கிற முடிவு நிற்காது.

நடையிலிருந்தே தொடங்குகிறேன். இப்போது பலருடைய போட்டி கைக்கடிகாரம் காட்டும் காலடிக் கணக்கில்தான். பத்தாயிரம் அடி என்ற இலக்கு மருத்துவர்கள் ஆராய்ந்து சொன்னதல்ல. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணும் கருவிக்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அந்த எண் அப்படியே உலகமெல்லாம் பரவிவிட்டது. அதோடு, ஒரே 5 கிலோமீட்டரை 70 சென்டிமீட்டர் எட்டு வைக்கிறவர் சுமார் 7,140 அடியில் முடிப்பார். 60 சென்டிமீட்டர் எட்டு வைக்கிறவருக்கு 8,330 அடி ஆகும். குள்ளமானவர் உட்கார்ந்த இடத்தில் ஜெயித்த மாதிரிதான்! கடிகாரம் கையாட்டத்தைப் பார்த்து எண்ணுவதால், காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் கணக்கு குறையும். ஆகவே இன்னொருவர் எண்ணோடு உங்கள் எண்ணை வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. நிமிடத்தை எண்ணுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. மிதம் என்பதற்கு அடையாளம் உண்டு: நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடியும், பாட்டுப் பாட முடியாது. கிருஷ்ணகிரிக் கோட்டை மலை ஏறும்போதும் இதே சோதனைதான். பேச்சு துண்டுதுண்டாக வந்தால், முன்னால் போகிறவரை விட்டுவிட்டு நில்லுங்கள். இறங்கும்போது பந்தயமே வேண்டாம். முழங்காலுக்கு அடி அங்கேதான் விழுகிறது.

அடுத்தவர் பக்கத்தில் இருந்தால் ஏன் இப்படி ஆகிறது? 1898-ல் நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்கர் சைக்கிள் பந்தயக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தார். தனியாக ஓட்டுகிறவரைவிட, துணைக்கோ போட்டிக்கோ ஆள் இருந்தவர் வேகமாக ஓட்டியிருந்தார். பிறகு சிறுவர்களிடம் தூண்டில் ராட்டையைக் கொடுத்துச் சுற்றச் சொன்னார். பக்கத்தில் போட்டிக்கு ஆள் இருந்தபோது பாதிப் பேர் வேகமெடுத்தார்கள். சிலருக்குக் கை தடுமாறி, இருந்த வேகமும் போனது. இந்த வித்தியாசத்துக்கு 1965-ல் ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் விளக்கம் தந்தார்: கை பழகிய வேலை, பிறர் பார்க்கும்போது மெருகேறும், பழகாத வேலை கெட்டுப்போகும்.

இதை மார்கழிக் கோலத்தில் வைத்துப் பாருங்கள். எதிர்வீட்டில் பெரிய சிக்குக் கோலம் விழுந்துவிட்டது என்று, நேற்றுவரை 9 புள்ளி போட்டவர் இன்றைக்கு 15 புள்ளியில் இறங்குவார். 9 புள்ளி, 5 வரை ஊடுபுள்ளி என்றால், அதாவது நடு வரிசைக்கு இருபுறமும் வரிசைக்கு ஒரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டே போனால், மொத்தம் 61 புள்ளி. 15 புள்ளி, 8 வரை ஊடுபுள்ளி என்றால் 169. ஏறக்குறைய மூன்று மடங்கு. ஓரத்தில் ஒரே ஒரு வளைவை மாற்றிப் போட்டால் கம்பி வந்து சேராது. நடுவில் எங்கேயோ ஒரு புள்ளி அனாதையாக நிற்கும். அதை அழித்துத் திருத்தப் போனால் ஈரத்தரையில் மாவு இழுபட்டுத் தீற்றலாகிவிடும். தெருவே பார்க்கிறது என்ற பதற்றத்தில் அடுத்த வளைவும் தப்பும். ஆகவே புதுக் கோலத்தை நோட்டிலும் மொட்டைமாடியிலும் பழகுங்கள், யாரும் பார்க்காத நேரத்தில். பிசிறில்லாமல் மூன்று முறை கம்பி கூடிய பிறகு வாசலுக்குக் கொண்டுவாருங்கள். ஷட்டிலில் புது அடி பழகுவதும் இப்படித்தான். பாயின்ட் எண்ணும் ஆட்டத்தில் எதையும் புதிதாகக் கற்க முடியாது.

போனில் செஸ் ஆடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. செயலி உங்களுக்குச் சமமான தரப்புள்ளி உள்ளவரையே தேடிப்பிடித்து எதிரில் உட்காரவைக்கிறது. அப்படியென்றால் டிராவைத் தள்ளிவிட்டால், பாதி ஆட்டத்தில் தோற்பதுதான் அந்த ஏற்பாட்டின் இயல்பு. அப்படிச் சமமானவர்களோடு 20 ஆட்டம் ஆடினால், எங்காவது ஓரிடத்தில் தொடர்ந்து மூன்று தோல்வி வர ஐந்தில் நான்கு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அது உங்கள் மூளை மழுங்கியதற்கு அடையாளம் இல்லை. காசு சுண்டினாலும் அப்படித்தான் விழும். ஆனால் மூன்றாவது தோல்விக்குப் பிறகு "இழந்ததை மீட்காமல் படுக்க மாட்டேன்" என்று ஆடும் ஆட்டங்கள் வேறு ரகம். யோசிக்காமல் காய் நகரும், குதிரை இலவசமாகப் போகும். இரவு பதினொன்றரைக்கு இழந்த புள்ளியை அன்றிரவே மீட்டவர்கள் அபூர்வம். விதி இதுதான்: தொடர்ந்து இரண்டு தோற்றால் அன்றைக்கு அந்தக் கணக்கு மூடியது. கை அரித்தால், தோற்ற ஆட்டத்தைத் திறந்து எந்த நகர்த்தலில் சரிந்தோம் என்று மட்டும் பாருங்கள்.

ஷட்டிலில் சிக்கல் வேறு. திறமையில் ஏற்றத்தாழ்வு இருக்கும் இரண்டு பேர் தினமும் ஆடினால், ஜெயிக்கிறவருக்குச் சலிப்பு, தோற்கிறவருக்கு வெறி. நாற்பது வயதைத் தாண்டியவர் வெறியில் எட்டிப் பாய்ந்தால் கெண்டைக்கால் தசையோ குதிகால் நாணோ கிழியும். அதுவும் உடம்பைச் சூடேற்றாமல் இறங்கினால் கேட்கவே வேண்டாம். 21 பாயின்ட் ஆட்டத்தில் பலம் குறைந்தவருக்கு 6 பாயின்ட் முன்கூட்டியே கொடுத்துத் தொடங்குங்கள். பலசாலி ஜெயித்தால் மறுநாள் 8; தோற்றால் 4. சில நாட்களில் ஆட்டம் 19-க்கு 19 என்று வந்து நிற்கும். இப்போது இரண்டு பேருமே முழு மூச்சாக ஆடலாம். போட்டி குணத்துக்கும் தீனி கிடைக்கும். பாயின்ட் வாங்குவது கௌரவக் குறைச்சல் என்று முதல் நாள் முறைப்பார்கள். சரியாகிவிடும்.

ஓசூர் பக்கம் மாடித்தோட்டம் போடுகிறவர்களுக்கு வாட்ஸ்அப் குழு ஒரு வியாதி. யாரோ தக்காளிக் கொத்தைப் படம் பிடித்துப் போட்டதும், நம் செடி சவலையாகத் தெரியும். உடனே பைக்கு ஒரு கைப்பிடி யூரியா. தழைச்சத்து மிஞ்சினால் இலை தளதளவென்று வரும், பூக்கிறது குறையும், காய்ப்பு தள்ளிப்போகும். காய்ந்த மண்ணில் உரம் போட்டால் வேர் கருகும். பயந்துபோய்த் தண்ணீரைக் கொட்டுவார்கள். ஒரு நாள் வெள்ளம், இரண்டு நாள் வறட்சி என்று ஆனதும் காய்க்குச் சுண்ணாம்புச்சத்து சீராகப் போய்ச் சேராமல் அடிப்பாகம் கறுத்து அழுகும். படம் போட்டவர் எந்த ரகம், எப்போது நட்டார் என்று ஒருவரும் கேட்பதில்லை. பையின் மேலேயே நட்ட தேதியையும் ரகத்தையும் எழுதி ஒட்டுங்கள். ஒப்பிட்டே தீரவேண்டும் என்றால், உங்கள் போன வருடச் செடியோடு ஒப்பிடுங்கள்.

இப்படிப்பட்டவரோடு வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. 1992 பார்சிலோனா ஒலிம்பிக் பதக்கக்காரர்களின் முகத்தை உளவியலாளர்கள் வீடியோவில் ஆராய்ந்து, 1995-ல் வெளியிட்டார்கள். இரண்டாவதாக வந்தவர்களைவிட மூன்றாவதாக வந்தவர்கள் அதிக மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள். வெள்ளிக்காரருக்குக் கைநழுவிய தங்கம் கண்ணில் நிற்கிறது. ஆகவே இரண்டாம் பரிசோடு வந்தவரிடம் "அடடா, கொஞ்சத்தில் போச்சே" என்று சொல்லாதீர்கள். ஆறுதல் மாதிரி தோன்றும், வெந்த புண்ணில் வேல்தான். சாப்பிட்டாயா என்று கேளுங்கள், போதும்.

குழந்தையோடு ஆடும்போது வேண்டுமென்றே தோற்பதும் சரியில்லை. சீக்கிரமே கண்டுபிடித்துவிடும். ஆடுபுலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து. ஒரு ஆட்டம் நீங்கள் புலி, அடுத்தது குழந்தை புலி. யார் புலியாக இருந்தபோது அதிக ஆடு வெட்டினார் என்று இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். நீங்களே ஜெயித்துக்கொண்டிருந்தால் உங்கள் பக்கம் இரண்டு புலியோடு ஆடுங்கள். அதிலும் உங்கள் கைதான் ஓங்குகிறது என்றால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒற்றைப் புலி.

நன்றி, வணக்கம்.