பிள்ளையைப் போட்டிக் கால்பந்துக்கு எப்போது அனுப்பலாம்?

(காட்சி: ராமேசுவரம் தீவில், தங்கச்சிமடம் பக்கம் ஒரு மணற்பொட்டல். மாலை ஐந்து மணி. பனைமட்டை இரண்டை ஊன்றிக் கோல் வைத்திருக்கிறார்கள். வெறுங்காலோடு பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள்.)

குரல்:

வணக்கம். இந்தப் பொட்டலில் ஏழு வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்து வருகிறேன். மஞ்சள் சட்டையில் ஓடுகிறானே, அவனுக்கு எட்டு வயது. போன வாரம் அவனுடைய அம்மா ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். மதுரையில் நடந்த தேர்வு முகாமில் பையன் தேறிவிட்டான். பத்து வயதுக்கு உட்பட்டோர் அணி. சனியும் ஞாயிறும் பயிற்சி, மாதத்தில் ஒரு டோர்னமென்ட். "தம்பி, அனுப்பட்டுமா, வேண்டாமா? நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்" என்றார்.

ஒரு வார்த்தையில் என்னால் சொல்ல முடியவில்லை. பாம்பனிலும் கீழக்கரையிலும் தொண்டியிலும் இதே கேள்வியோடு பெற்றோர் இருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த வீடியோ.

முதலில் நான் செய்த தவறு. நான்கு வருடத்துக்கு முன் இதே போல ஒரு பிள்ளை. வயது எட்டரை. பந்து அவன் காலோடு ஒட்டிக்கொண்டு ஓடும். வெளியூர் அணி ஒன்று கேட்டவுடன் நான் யோசிக்கவே இல்லை. "அனுப்புங்கள், இங்கே இருந்தால் வீணாகிவிடுவான்" என்று அவன் அப்பாவிடம் சொன்னேன். முதல் டோர்னமென்ட் இரண்டு நாள். ஐந்து ஆட்டம். பிள்ளை களத்தில் இருந்தது மொத்தம் ஒன்பது நிமிடம். மீதி நேரமெல்லாம் எல்லைக்கோட்டுக்கு வெளியே, தண்ணீர்ப் பாட்டில்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். திரும்பி வந்தபின் ஐந்து மாதம் இந்தப் பொட்டல் பக்கமே அவன் வரவில்லை. வழியில் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவான். அந்த அணியை நான் குறை சொல்லவில்லை. களத்தில் இறக்குவார்களா என்று கேட்காமல் அனுப்பியது என் பிழை.

(காட்சி: மணலில் குச்சியால் இரண்டு கட்டங்கள். பெரிய கட்டத்தில் 22 கிளிஞ்சல்கள், சின்னக் கட்டத்தில் எட்டு.)

இந்தக் கணக்கைப் பாருங்கள். நாற்பது நிமிட ஆட்டம். பதினொருவர் அணி என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 22 பிள்ளைகள், பந்து ஒன்று. பந்து ஒரு நொடிகூடச் சும்மா கிடக்காமல் எல்லாருக்கும் சமமாகப் போனாலும் ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் வராது. நான்குக்கு நான்கு பேர் ஆடினால் அதே நாற்பது நிமிடத்தில் ஐந்து நிமிடம். எட்டு வயதில் ஒரு பிள்ளை கற்க வேண்டியது பந்தோடு பழகுவதுதான். ஆயிரம் முறை தொட்டு, நூறு முறை தொலைத்து, தொலைத்ததைத் தானே ஓடிப் பிடுங்கி வர வேண்டும். இந்தப் பொட்டலில் அது தினமும் நடக்கிறது. இதை விட்டுவிட்டு வேறிடம் போனால், அங்கே இதைவிட அதிகமாகப் பந்து காலுக்கு வர வேண்டும். இல்லையென்றால் போவதில் என்ன லாபம்?

கால்பந்தில் ஊறிய நாடுகளே இப்போது இந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கின்றன. ஜெர்மனியில் 2024-25 பருவத்திலிருந்து சிறுவர் கால்பந்தையே மாற்றி அமைத்தார்கள். மிகச் சின்னப் பிள்ளைகள் இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று என்று, நான்கு குட்டிக் கோல்கள் வைத்து ஆடுகிறார்கள். புள்ளிப் பட்டியல் கிடையாது. நார்வே இன்னும் முன்பே விழித்துக்கொண்டது. சிறுவர் விளையாட்டுக்கென்று 1987இலேயே விதிகளை எழுதி வைத்தார்கள். பதினொரு வயதாகும் ஆண்டு வரை பிள்ளைகளின் போட்டிகளில் தரவரிசைப் பட்டியல் போடக்கூடாது, பதின்மூன்று வயதுக்கு முன் தேசியச் சாம்பியன் பட்டப் போட்டி கூடாது என்பது அங்கே விதி. இதனால் அந்த நாடு விளையாட்டில் பின்தங்கிவிடவில்லை. 2018, 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் அதிகப் பதக்கம் வென்றது அந்தச் சின்ன நாடுதான். நம் நாட்டிலும் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2018இல் குழந்தைகளுக்கான பேபி லீக் தொடங்கியபோது சின்னக் களம், குறைந்த ஆட்கள் என்றுதான் வகுத்தது.

பந்தின் அளவையும் கவனியுங்கள். எட்டு வயதுக்குக் கீழே 3ஆம் எண் பந்து, எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 4ஆம் எண், அதற்குமேல்தான் 5ஆம் எண். ஏழு வயதுப் பிள்ளைகளை 5ஆம் எண் பந்தில் உதைக்கவிடும் இடத்தைப் பார்த்தால், எனக்கு அந்த இடத்தின் மீதே நம்பிக்கை போய்விடும்.

(காட்சி: தோளோடு தோள் நிற்கும் இரண்டு பையன்கள். ஒருவன் ஒரு சாண் உயரம் அதிகம்.)

அடுத்து, தேர்வு. "என் பிள்ளையை எடுக்கவில்லை" என்று கலங்குபவர்களும் "எடுத்துவிட்டார்கள்" என்று மகிழ்பவர்களும் இதைக் கேளுங்கள். இந்த இருவருக்கும் ஒரே வயதுப் பிரிவு. ஒருவன் ஜனவரியில் பிறந்தவன், மற்றவன் அதே ஆண்டு டிசம்பரில். வயதுப் பிரிவை ஜனவரி 1ஐ வைத்துப் பிரிப்பதால் இருவரும் ஓரணி. எட்டு வயதில் பதினொரு மாத இடைவெளி என்பது அதுவரையிலான வாழ்நாளில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அந்த வளர்த்தியைத் திறமை என்று நினைத்துப் பயிற்சியாளர்கள் ஏமாந்துபோவது உலகம் முழுக்க நடக்கிறது. தேர்வு பெற்ற சிறுவர் அணிகளைப் பிறந்த மாதம் வாரியாகப் பிரித்துப் பார்த்தால் முதல் மூன்று மாதத்துக்காரர்களே கூட்டமாக இருப்பார்கள். சின்னவன் பதினைந்து வயதில் நிமிர்ந்துகொள்வான். அதற்குள் அவன் ஆட்டத்தையே விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

இதோடு ஒன்று. பள்ளியில் சேர்க்கும்போது பிறந்த தேதியை முன்னே பின்னே எழுதும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. விளையாட்டில் அது பிள்ளையின் தலையில்தான் விடியும். தேசிய அளவிலான இளையோர் போட்டிகளில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் இருப்பதே எல்லா இடத்திலும் இருக்கட்டும்.

அப்படியானால் எட்டு வயதில் கதவு மூடிவிடுகிறதா? இல்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11ஆம் வகுப்புகளுக்குத்தான் சேர்க்கை. அதாவது அரசே கதவைத் திறப்பது பன்னிரண்டு வயது வாக்கில். 1960 முதல் பள்ளி அணிகளுக்கு இடையே நடக்கும் சுப்ரதோ கோப்பைக் கால்பந்துப் போட்டியும் உயர்நிலைப் பள்ளி வயதுக்கானது. பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்துக் கண்டனூரிலிருந்து போன சிவசக்தி நாராயணன் பெங்களூரு எஃப்சி அணிக்காக ஆடினார். குமரிக் கடற்கரையின் இரவிபுத்தன்துறையிலிருந்து போன மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) வரை எட்டினார். சின்ன ஊரிலும் கடற்கரைக் குடியிருப்பிலும் பிறந்த பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது.

என் கணக்கு இதுதான். பத்து வயது வரை ஊர் மைதானம். பத்திலிருந்து பன்னிரண்டுக்குள், பிள்ளையும் கேட்டு, இடமும் நல்லதாக அமைந்தால் போட்டி அணி. எட்டு வயதில் அழைப்பு வந்தால் மறுத்தே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அங்கே என்ன நடக்கிறது என்று நேரில் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள் என்கிறேன்.

(காட்சி: பாம்பன் பாலத்தில் பஸ். கீழே நங்கூரமிட்ட விசைப்படகுகள்.)

இனி நம் கடற்கரைக்கே உரிய சிக்கல். தங்கச்சிமடத்திலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். போக நான்கு, வர நான்கு. பயிற்சி ஒன்றரை மணி நேரம். எட்டு வயதுப் பிள்ளை பந்தோடு இருந்ததைவிட பஸ் சன்னலோரம் தூங்கி விழுந்த நேரம்தான் அதிகம்.

யார் அழைத்துப் போவது? ராமேசுவரம் பக்கம் விசைப்படகுகள் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. சனிக்கிழமை காலை போகிற அப்பா ஞாயிறு காலைதான் கரையேறுவார். பயிற்சியும் போட்டியும் விழுவது அதே சனி, ஞாயிறு. அப்பா போனால் ஒரு நாள் பாடு போய்விடும். அம்மா போனால் வீட்டில் கைக்குழந்தையை யார் பார்ப்பது? கீழக்கரையில் இன்னொரு விதம். வாப்பா துபாயில், உம்மாவுக்குத் துணையாக மாமாவோ பாட்டனாரோ வர வேண்டும். இதையெல்லாம் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. "எனக்காக அப்பா தொழிலுக்குப் போகவில்லை" என்ற சுமையோடு களத்தில் இறங்குகிற பிள்ளைக்கு ஒரு பாஸ் தவறினாலே கண் கலங்கிவிடும். அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

உடம்பு பற்றியும் சொல்ல வேண்டும். எட்டிலிருந்து பதினான்கு வயதுக்குள் எலும்பு வேகமாக நீள்கிறது, தசைநார் அந்த வேகத்துக்கு நீள்வதில்லை. இழுபடுகிற இடம் குதிகால், அல்லது முழங்காலுக்குச் சற்றுக் கீழே. மணலில் வெறுங்காலோடு ஆடிப் பழகிய பிள்ளையைத் திடீரென்று கட்டாந்தரையில் பூட்ஸ் போட்டு வாரம் நான்கு நாள் ஓடவிட்டால் இந்த வலி வரும். "வளர்கிற வலி, சரியாகிவிடும்" என்று தைலம் தேய்த்து மறுபடி ஓடவிடுகிறார்கள். வேண்டாம். ஓய்வு கொடுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இல் சொன்ன அறிவுரை எனக்கு மிகவும் பிடிக்கும்: வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, ஆண்டில் மொத்தம் மூன்று மாதம் அந்த விளையாட்டிலிருந்தே விடுப்பு, பதினைந்து வயது வாக்கில்தான் ஒரே விளையாட்டு என்று முடிவெடுப்பது. அதுவரை நம் பிள்ளைகள் கபடி ஆடட்டும், கைப்பந்து ஆடட்டும், கடலில் நீந்தட்டும். கச்சான் காற்று புழுதி வாரி அடிக்கிற மாதங்களில் பந்து ஒழுங்காக உருளாது, அது இயற்கையே கொடுத்த விடுப்பு.

தலையால் முட்டுவது பற்றி ஒரே வரி: அமெரிக்காவில் பத்து வயது வரை அதற்குத் தடை, இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் அது வேண்டாம் என்று 2020இலிருந்தே அறிவுறுத்துகிறார்கள். உங்கள் பயிற்சியாளர் எட்டு வயதுப் பிள்ளையை வரிசையில் நிற்க வைத்துத் தலையால் முட்டப் பழக்கினால், தயங்காமல் பேசுங்கள்.

(காட்சி: ஆள் இல்லாத பொட்டல். ஒரு சிறுமி மட்டும் சுவரில் பந்தை உதைத்து, திரும்பி வருவதை நிறுத்தி, மறுபடி உதைக்கிறாள்.)

பிள்ளை தயாரா என்பதற்கு நான் பார்க்கும் அடையாளம் இதுதான். யாரும் கூப்பிடாதபோது, பார்க்க ஆளே இல்லாதபோது, பந்தை எடுத்துக்கொண்டு போகிறதா? தோற்ற மறுநாள் மாலை தானாக வருகிறதா? "நேற்று என் இடது கால் சரியில்லை" என்று தானே வந்து சொல்கிறதா? இவை இருந்தால் அந்தப் பிள்ளை போட்டியைத் தாங்கும். தோற்ற இரவு சாப்பிடாமல் படுப்பதும், போட்டி நாள் காலையில் வயிற்றுவலி என்பதும் அடிக்கடி நடந்தால் இன்னும் ஒரு வருடம் பொறுங்கள். ஒரு வருடத்தில் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் விஷயத்தில் என் பயம் தலைகீழ். பையன்களைச் சீக்கிரம் அனுப்பிவிடுகிறார்கள். பெண் பிள்ளைகளைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நிறுத்திவிடுகிறார்கள். சரியாக அந்த வயதில்தான் அவர்களுக்கு அணி வேண்டும். சுவரில் உதைக்கிற இந்தப் பிள்ளைக்குப் பதினொரு வயது. அவளுடைய அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான்தான் அவர்கள் வீட்டுக்குப் போய், பெண்கள் அணி உள்ள இடத்தையும், கூட வரும் ஆசிரியை யார் என்பதையும், இரவு தங்கும் ஏற்பாட்டையும் விசாரித்துச் சொன்னேன். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மஞ்சள் சட்டைப் பையனுக்கு வருகிறேன். அவனையே கூப்பிட்டு, "மதுரைக்குப் போக ஆசையா?" என்று கேட்டேன். மணலைக் காலால் கிளறிக்கொண்டே, "அங்கே என்னை விளையாட விடுவார்களா, அண்ணா?" என்றான். எட்டு வயதுப் பிள்ளை கேட்ட இந்தக் கேள்வியை நான்கு வருடத்துக்கு முன் நான் கேட்கவில்லை.

அன்றிரவே அந்தப் பயிற்சியாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். ஒவ்வொரு பிள்ளையும் பாதி ஆட்டமாவது ஆடுமா? களத்தில் எத்தனை பேர்? தோற்றால் பிள்ளைகளிடம் என்ன சொல்வீர்கள்? வாரந்தோறும் வர முடியாத பிள்ளைக்கு இடம் உண்டா? பொறுமையாகப் பதில் சொன்னார். எல்லாரையும் இறக்குவோம், ஏழு பேர் அணிதான் என்றார். வாரந்தோறும் வராவிட்டால் டோர்னமென்ட்டில் சேர்க்க முடியாது, ஆனால் கோடை முகாமுக்கு வரலாம் என்றார். மழுப்பாமல் பேசியதால் அவர் மீது எனக்கு மதிப்பு வந்தது.

இதை அப்படியே அந்த வீட்டில் சொன்னேன். அப்பா வலையைப் பொத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். பள்ளிக்கும் கோடை விடுமுறை. "படகைக் கட்டிப் போட்டபின் எனக்கு வேறு என்ன வேலை? நானே கூட்டிப் போகிறேன். அதுவரை உங்களிடமே ஆடட்டும், தம்பி" என்றார்.

பையன் உள்ளேயிருந்து ஓடி வந்து, தடைக்காலத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டான். அம்மா சுவரில் தொங்கிய நாட்காட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

(காட்சி: நாட்காட்டித் தாள்களைப் புரட்டும் சின்ன விரல்கள். வெளியே பந்து உதைபடும் சத்தம்.)