இழுக்கிற இடத்தில் ஒரு கால்

நேயர்களுக்கு வணக்கம்.

மும்பை தாராவியில், 90 அடி சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் நான் இருக்கிறேன். இட்லி அவித்துக் கொடுப்பது எங்கள் தொழில். விடிகாலை 3 மணிக்குக் கொப்பரை அடுப்பில் ஏறிவிடும். 5 மணிக்கெல்லாம் சைக்கிளில் கொண்டுபோய் விற்கிற தம்பிகள் பாத்திரத்தோடு வந்து நிற்பார்கள். ஒருவருக்கு 150, இன்னொருவருக்கு 200 என்று எண்ணிக் கொடுப்பேன். காசு சாயங்காலம்தான் கைக்கு வரும், சில பேருக்கு வாரக் கணக்கு. அதையெல்லாம் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவரில் கரிக்கோடாகப் போட்டு வைப்பேன்.

ஒரு தீபாவளிக்கு நாங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குப் போயிருந்தோம். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் சுவருக்கு வெள்ளையடித்து வைத்திருந்தார். நல்லது நினைத்துத்தான் செய்தார். திரும்பி வந்து அந்தச் சுவரைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓய்ந்துவிட்டது. அப்போது எனக்கு 43 வயது. எழுதப் படிக்கத் தெரியாது.

சின்ன வயதில் இரண்டரை வருஷம் பள்ளிக்கூடம் போனேன். தமிழில் 247 எழுத்து என்று கேட்ட அன்றைக்கே பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் சேர்ந்து வாசித்தால் அவர்கள் குரலைப் பிடித்துக்கொண்டு நானும் சொல்லிவிடுவேன். தனியாக எழுப்பினால் வாய் திறக்காது. கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள். தம்பி பிறந்ததும் அவனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றேன். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் பாட்டு அப்படி இல்லை. ஒரு தடவை கேட்டால் ஒட்டிக்கொள்ளும். மாவாட்டும்போது பாட்டு, இட்லி எடுக்கும்போது பாட்டு. வெள்ளிக்கிழமை கோயிலில் பெண்கள் சேர்ந்து பாடும் குழுவில் 20 வருஷம் பின்பாட்டு பாடினேன். முன்பாட்டு பாடுவது ஒரு பெரியம்மா. அவர் கையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். வயதாகி ஊரோடு போய்விட முடிவு செய்தபோது அந்த நோட்டை என் கையில் கொடுத்தார். "குரல் உன்கிட்டதான் இருக்கு, நீ எடுத்துப் பாடு தாயி" என்றார். அவருக்கு என் விஷயம் தெரியாது. நானும் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு வந்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து எடுத்துப் பிரித்தேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் பாட்டுதான் இருக்கும், அது எனக்குத் தெரியும். பாட்டும் தெரியும். சரி, வாயில் பாட்டை ஓட விட்டுக்கொண்டே விரலை எழுத்தின் மேல் வைத்து நகர்த்திப் பார்ப்போம் என்று தோன்றியது. முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. நான் வரியின் பாதியில் இருக்கும்போது விரல் கடைசிக்குப் போய்விடும். பத்துப் பதினைந்து தடவை ஆன பிறகு ஒன்றைக் கவனித்தேன். ஆ என்று இழுக்கிற இடத்தில் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கால் நிற்கிறது. அடுத்த வரியில் இழுத்தேன், அங்கேயும் கால். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. அப்புறம் ஈ என்று இழுத்தால் தலையில் சுழி வருவதையும், ஏ என்றால் முன்னால் இரட்டைக் கொம்பு நிற்பதையும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். அன்றைக்கு மாவு புளித்துப் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

எங்கள் கோயிலுக்கு மாட்டுங்காவிலிருந்து வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. உட்கார வைத்து விளக்கினார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, புள்ளி வைத்த எழுத்துக்கு அரை. கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம், அதுதான் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறதாம். "கந்தா" என்று கைதட்டிச் சொல்லிப் பாருங்கள். க ஒன்று, ந் அரை, தா இரண்டு. இந்தக் கணக்கைத்தானே இத்தனை வருஷம் கையால் போட்டுக்கொண்டிருந்தேன்! 247 என்பதும் அப்படித்தான். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம். மீதி 216-ம் உயிரும் மெய்யும் சேர்ந்து பிறந்தவை. இதை அன்றைக்கே யாராவது எனக்குப் பாடிக் காட்டியிருந்தால் நான் பள்ளிக்கூடத்தை விட்டிருக்க மாட்டேன் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் பாட்டு மட்டும் போதும் என்று சொன்னால் அது பொய். பாட்டில் குறிலையும் இழுப்போம். "முருகா" என்பதில் மு-வை நான்கு தட்டு இழுத்துப் பாடுவோம், ஆனால் எழுத்தில் அதற்கு நெடிலுக்கான அடையாளம் இருக்காது. அதனால் ஒரு பாட்டை முதலில் பாடுவேன். பிறகு ராகத்தை எடுத்துவிட்டுப் பேசுகிற மாதிரி சொல்வேன். அதற்கப்புறம்தான் நோட்டைப் பார்ப்பேன்.

இன்னொரு சிக்கலைப் பக்கத்து வீட்டுப் பெண்தான் பிடித்தாள். அப்போது ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். பாட்டில் "மயில்" என்று வரும் இடத்தில் அவள் "வெயில்" என்று எழுதிக் காட்டினாள். நான் விரலை வைத்து மயில் என்று பாடிவிட்டேன். "அத்தை, நீங்க வாசிக்கல, ஞாபகத்துல பாடுறீங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மறுபடி பார்த்தேன். யி இருக்கிறது, ல் இருக்கிறது. முதலில் நிற்பது ம இல்லை. ஒரு கொம்பு, அதன் பின்னால் வ. கொம்பு முன்னால் நிற்கும், அதன் ஓசை வ-வுக்குப் பிறகுதான் வரும் என்று அவள் சொல்லிக் கொடுத்தாள். வெ. யி. ல். பாட்டின் துணை இல்லாமல் நான் வாசித்த முதல் சொல் அதுதான். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் நோட்டுப் பாட்டில் இரண்டு சொல்லை மாற்றி எழுதிக் கொடுப்பாள். நான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த வழி எனக்கு மட்டும் தோன்றியது இல்லை என்று பிறகு தெரிந்தது. அகமதாபாத்தில் ஐஐஎம் என்ற மேலாண்மைக் கல்லூரியைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி என்பவர் 1996-லேயே இதை யோசித்திருக்கிறார். டிவியில் சினிமாப் பாட்டு ஓடும்போது அதே மொழியில் வரிகளைக் கீழே காட்டினால், வார்த்தை தெரிந்தவர்கள் கூடவே வாசித்துப் பழகுவார்கள் என்பது அவர் எண்ணம். குஜராத்தி டிவியில் அதைச் செய்தும் காட்டினார்கள். தமிழ்நாட்டில் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்க அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் போனபோதும் பாட்டு கூடவே போனது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 100-க்கு 27 பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். படித்தவர் என்று எண்ண, எந்த மொழியில் தெரிந்தாலும் போதும். ஆனால் வாசிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாவிட்டால் படித்தவர் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அதைக் கேட்ட பிறகுதான் நான் பென்சில் வாங்கினேன்.

தமிழ் வந்த பிறகு மற்றதற்கும் தைரியம் வந்தது. மும்பையில் ஓடும் பெஸ்ட் பஸ்ஸின் நெற்றியில் எண் தேவநாகரியில், அதாவது மராத்தியும் இந்தியும் எழுதுகிற எழுத்தில் இருக்கும், அதைக் கற்றுக்கொண்டேன். சயான் ஸ்டேஷன் பலகையில் மராத்தியில் ஷீவ் என்றும் இந்தியில் சாயன் என்றும் இருப்பதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, இரண்டும் ஒரே ஊர்தானா என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன்.

கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம் ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டில் படிக்காத அம்மாவோ ஆச்சியோ இருந்தால் அரிச்சுவடியை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். அவர்கள் எந்தப் பாட்டை முணுமுணுக்கிறார்கள் என்று கேளுங்கள். அதை எழுதிக் கொடுங்கள். பெரிய எழுத்தாக, ஒரு மூச்சுக்கு ஒரு வரியாக. தப்பாக வாசித்தால் உடனே திருத்த வேண்டாம். மறுபடி பாட விடுங்கள், பெரும்பாலும் அவர்கள் காதே திருத்திவிடும்.

காது திருத்தாத இடமும் உண்டு. என் அம்மா வயலில் பாடிய நடவுப் பாட்டுகள் எந்த நோட்டிலும் இல்லை. அவர் போய்ச் சேர்ந்து 11 வருஷம் ஆகிறது. நினைவில் இருப்பதை நானே எழுதி வருகிறேன், இதுவரை 17 பாட்டு. போன வாரம் எழுதியதில் குளத்துக் கரை என்று வரும். பாடினால் ர-வும் ற-வும் எனக்கு ஒன்றுபோலத்தான் கேட்கிறது. "கறை" என்று எழுதிவிட்டேன். "இது துணியில் படுற கறை, அத்தை" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். இப்போது அவள் கல்லூரிக்குப் போகிறாள். அடித்துவிட்டு அதன் மேலேயே ர எழுதினேன். 18-ஆவது பாட்டில் முதல் இரண்டு வரி வந்திருக்கிறது. மூன்றாவது வரியை அம்மா எப்படி எடுப்பார் என்று மாவாட்டும்போதெல்லாம் பாடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வணக்கம்.