நாடுகடத்தல் மிரட்டலும் அமெரிக்காவின் டி விசாவும்

[திரையில்: வரைபடம். மிசிசிப்பி மாநிலத்தின் பாஸ்ககூலா, டெக்சாஸ் மாநிலத்தின் ஆரஞ்ச்.]

அமெரிக்காவில் ஆள்கடத்தலுக்கு ஆளானவர்கள் அங்கேயே தங்க வழி தருவது டி விசா. அது எதற்கு என்று புரிய ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குவோம். 2005-இல் கத்ரீனா புயல் அமெரிக்காவின் தென்கரையைப் புரட்டிப்போட்டது. அதன்பின் எண்ணெய்த் துரப்பண மேடைகளைப் பழுதுபார்க்க வெல்டர்களும் பைப் ஃபிட்டர்களும் போதவில்லை. சிக்னல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் இந்தியாவிலிருந்து சுமார் 500 பேரை வரவழைத்தது. ஆள் எடுக்கும் கூட்டங்கள் சென்னையிலும் நடந்தன. குடும்பத்தோடு குடியேறலாம், கிரீன் கார்டு நிச்சயம் என்று சொல்லி, ஏஜெண்டுகள் ஆளுக்கு 10,000 டாலருக்கும் மேல் வாங்கினார்கள். பலர் நிலத்தையும் நகையையும் விற்றார்கள், வட்டிக்கும் வாங்கினார்கள். கைக்கு வந்தது ஹெச்-2பி விசா. அது தற்காலிக வேலைக்கானது. அழைத்துவந்த முதலாளியைத் தவிர வேறு யாரிடமும் அதை வைத்து வேலை செய்ய முடியாது.

[திரையில்: சம்பளச் சீட்டின் மாதிரி. பிடித்தம் என்ற வரி பெரிதாகிறது.]

தங்கும் இடம் வேலி போட்ட கேம்ப், வாசலில் காவலர்கள். ஒரு டிரெய்லருக்குள் 24 பேர் வரை அடுக்குக் கட்டில்களில் படுத்தார்கள், அத்தனை பேருக்கும் இரண்டே கழிப்பறைகள். இதற்கு மாதம் 1,050 டாலர் சம்பளத்தில் பிடித்தம். வெளியே வாடகைக்கு இடம் பார்த்துக்கொண்டாலும் பிடித்தம் நிற்காது என்றார்கள். ஊரிலோ வட்டி ஏறிக்கொண்டிருந்தது.

2007 மார்ச்சில், குறைகளைப் பேசத் தொடங்கிய சிலரை நிறுவனத்தின் காவலர்கள் விடியற்காலையில் பிடித்து வைத்தார்கள். விமானம் ஏற்றி அனுப்பிவிடுவதுதான் திட்டம். கடனோடு திரும்பி எந்த முகத்தோடு ஊரில் இறங்குவது என்று கலங்கி, ஒருவர் தன் மணிக்கட்டை அறுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் சற்று நிற்போம். இவர்கள் யாரும் கள்ளத்தோணியில் வந்தவர்கள் அல்லர். விசா முத்திரையோடு விமானத்தில் வந்து இறங்கியவர்கள். கை கால்களில் சங்கிலி இல்லை. இருந்தும் நகர முடியவில்லை. கடன் ஒரு பக்கம், முதலாளியோடு கட்டிப்போட்ட விசா மறுபக்கம். வேலையை விட்டால் விசா போகும், விசா போனால் நாடுகடத்தல். ‘போலீஸுக்குப் போனால் முதலில் உன்னைத்தான் பிடிப்பார்கள்’ என்று சொல்கிற முதலாளி, பல சமயம் பொய் சொல்வதில்லை. அதனால்தான் அந்த மிரட்டல் பலிக்கிறது.

[திரையில்: 1995, கலிபோர்னியா, எல் மான்டே.]

அது பொய்யில்லை என்பதற்கு இன்னும் பழைய சாட்சி உண்டு. 1995 ஆகஸ்டில், லாஸ் ஏஞ்சலிஸ் அருகே எல் மான்டேயில் முள்கம்பி சூழ்ந்த குடியிருப்பு ஒன்றிலிருந்து தாய்லாந்துத் தையல் தொழிலாளர்கள் 72 பேர் மீட்கப்பட்டார்கள். சிலர் ஏழு ஆண்டுகள்வரை உள்ளேயே தைத்துக்கொண்டிருந்தவர்கள். மீட்டவுடன் அரசு செய்தது என்ன தெரியுமா? குடியேற்றத் துறையின் காவலில் அடைத்தது. சமூக அமைப்புகள் போராடித்தான் அவர்களை வெளியே கொண்டுவந்தன. அவர்களுக்கென்று ஒரு விசாவே அப்போது இல்லை. குற்றவாளிகளைக் காட்டிக்கொடுக்கும் சாட்சிகளுக்கான விசாவைத்தான் தேடிப்பிடித்துக் கொடுத்தார்கள்.

இந்த ஓட்டையை அடைக்க 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆள்கடத்தலுக்கு எதிராக வந்த சட்டம் உருவாக்கியதுதான் டி விசா.

[திரையில்: விண்ணப்பப் படிவம் ஐ-914.]

யார் கேட்கலாம்? பலவந்தம், ஏமாற்று, மிரட்டல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றின் மூலம் பாலியல் தொழிலிலோ கட்டாய உழைப்பிலோ சிக்கவைக்கப்பட்டவர்கள். பாலியல் தொழிலில் சிக்கியவர் 18 வயதுக்கு உட்பட்டவரென்றால் பலவந்தத்தை நிரூபிக்கவே தேவையில்லை. அந்தக் கொடுமையின் காரணமாகவே அவர் அமெரிக்காவில் இருக்க வேண்டும். எல்லை தாண்டிக் கூட்டிவந்தார்களா என்பது இங்கே கேள்வியே அல்ல. வந்த பிறகு முதலாளி கொத்தடிமையாக்கியிருந்தாலும் பொருந்தும்.

காவல் துறையின் நியாயமான விசாரணைக் கோரிக்கைகளுக்கு ஒத்துழைக்க வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. 18 வயது நிரம்பாதவர்களுக்கும், மன அதிர்ச்சியால் பேச முடியாதவர்களுக்கும் இதில் விலக்கு உண்டு. பலர் தடுக்கி விழுவது இங்கேதான்: போலீஸ் அதிகாரி கையெழுத்திட்ட சான்று இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சான்று இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. குற்றவாளி தண்டிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் இல்லை. கட்டாயம் வேண்டியது, நடந்ததை அவரவர் வார்த்தையில் எழுதிக் கையெழுத்திட்ட வாக்குமூலம். சம்பளச் சீட்டு, ஏஜெண்டுக்குப் பணம் கட்டிய ரசீது, மிரட்டல் வந்த வாட்ஸ்அப் செய்தி எல்லாம் அதற்குத் துணை நிற்கும்.

திருப்பி அனுப்பினால் அசாதாரணமான, கடுமையான பாதிப்பு நேரும் என்றும் காட்ட வேண்டும். ஊரில் வேலை இல்லை என்பது மட்டும் போதாது. ஏஜெண்டின் ஆட்கள் அங்கே பழிவாங்கக் காத்திருக்கிறார்கள் என்றால் அது எடுபடும்.

கிடைத்தால், நான்கு ஆண்டுகள்வரை தங்கலாம், எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம். என்னைக் கேட்டால், இந்த இரண்டாவது சலுகைதான் பெரிது. கணவன் அல்லது மனைவி, பிள்ளைகளுக்கும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பதாரர் 21 வயதுக்குட்பட்டவரென்றால் பெற்றோருக்கும், 18 வயதுக்குட்பட்ட, திருமணமாகாத உடன்பிறந்தோருக்கும்கூட. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நாட்டில் இருந்தபின் கிரீன் கார்டு கேட்கலாம். ஆனால் ஒரே மூச்சில் 90 நாள்களுக்கு மேலோ மொத்தமாக 180 நாள்களுக்கு மேலோ வெளிநாட்டில் இருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும்.

முதலாளியே குடியேற்றத் துறைக்குப் போன் செய்து மாட்டிவிட்டால்? விண்ணப்பதாரரின் விவரங்களை வெளியே சொல்லக் கூடாது என்றும், கொடுமை செய்தவர் தரும் தகவலை மட்டும் வைத்து விண்ணப்பதாரருக்கு எதிராக முடிவெடுக்கக் கூடாது என்றும் சட்டம் தடை போட்டிருக்கிறது.

[திரையில்: 2008, வாஷிங்டன்.]

இனி ஏட்டில் இல்லாத பகுதி. 2008 மார்ச்சில் சிக்னல் நிறுவனத்தின் பாஸ்ககூலா தொழிலாளர்கள் ஏறக்குறைய நூறு பேர் தலைக்கவசங்களைக் கழற்றி எறிந்துவிட்டு வேலையிலிருந்து வெளியேறினார்கள். வெளியேறிய கணமே விசா செல்லாது. விசாரணை முடியும்வரை தங்க விடுங்கள் என்று கேட்டு வாஷிங்டன்வரை போய், மே மாதம் தொடங்கி ஏறக்குறைய நான்கு வாரங்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். இத்தனைக்கும், விசாரணையில் உள்ள சாட்சிகளைத் தற்காலிகமாகத் தங்கவைக்கச் சட்டத்தில் தனி ஏற்பாடே உண்டு. ஆனால் அதைக் காவல் துறைதான் கேட்டு வாங்க வேண்டும், தொழிலாளி கேட்க முடியாது. பிற்பாடு அவர்களில் பலருக்கு டி விசா கிடைத்தது. 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் ஜூரி, ஐந்து பேருக்கு சுமார் 1.4 கோடி டாலர் தீர்ப்பளித்தது. சில மாதங்களில் நிறுவனம் திவால் மனு போட்டு, 2 கோடி டாலர் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது.

டி விசாவுக்கு ஆண்டு உச்சவரம்பு 5,000. குடும்பத்தினர் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். சட்டம் வந்து முதல் இருபது ஆண்டுகளில் ஒருமுறைகூட இந்த எண்ணிக்கை எட்டப்படவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் குறைவு என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. தனக்கு நடந்ததற்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. மனு போட்டுவிட்டோம், இனி நாடுகடத்த முடியாது என்று இருந்துவிடாதீர்கள். மனு நிலுவையில் இருப்பது மட்டும் நாடுகடத்தலைத் தானாக நிறுத்தாது. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, மனு உண்மையானது என்று முதற்கட்டப் பரிசீலனையில் முடிவானால், குடியேற்றத் துறை ஏற்கெனவே பிறப்பித்த நாடுகடத்தல் உத்தரவு நிறுத்திவைக்கப்படும். ஆகவே குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரை முதலிலேயே பார்ப்பது நல்லது.

[திரையில்: 1-888-373-7888.]

இது ஆள்கடத்தலில் சிக்கியவர்களுக்காக அமெரிக்காவுக்குள் இயங்கும் தேசிய உதவி எண். கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை, மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். ஐ-914 படிவத்துக்கும் அரசுக் கட்டணம் கிடையாது. பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறதா? அதற்கும் விலக்கு கேட்டு, தனிப் படிவத்தோடு விண்ணப்பிக்கலாம்.