ப்ளேனுக்குச் சக்கரம் இறங்கலன்னா செம்பனைத் தோட்டத்துல இறக்கிடலாமா?

வணக்கம் மக்களே, மலேசியாவுல காப்பார்லேர்ந்து பேசுறேன். பின்னாடி டிராக்டர் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, பாமாயில் எடுக்குற செம்பனைக் குலை ஏத்துறாங்க.

எங்க சித்தப்பா ஒரு வீடியோ அனுப்பி, "ப்ளேன் விழுந்திருச்சு பாருடா"ன்னாரு. விழலங்க. அது 2024 மே 13, ஆஸ்திரேலியாவுல நியூகாசல்ல நடந்தது. பீச்கிராஃப்ட் கிங் ஏர், ரெண்டு இன்ஜின், பைலட்டோட சேத்து 3 பேரு. கிளம்பின கொஞ்ச நேரத்துலயே சக்கரத்துல கோளாறு. மூணு மணி நேரத்துக்கு மேல சுத்திட்டு, வயித்தாலயே ரன்வேயில வழுக்கிப் போய் நின்னுச்சு. மூணு பேரும் நடந்து வெளிய வந்தாங்க.

இங்க பக்கத்துல நம்ம கம்போங் தோக் மூடாவுல 2024 பிப்ரவரி 13 நடந்தது வேற. அங்க ப்ளேன் தோட்டத்துக்குள்ள விழுந்து ரெண்டு பேரு இறந்துட்டாங்க. ரெண்டையும் ஒண்ணாக்கி அனுப்பாதீங்க லா, அவங்க வீட்டு ஆளுங்க பாப்பாங்க.

சித்தப்பா அடுத்துக் கேட்டாரு: "எதுக்குடா அவ்ளோ நேரம் சுத்தணும்? நம்ம செம்பனை மேல இறக்குனா மெத்துன்னு இருக்கும்ல?"

மேலேர்ந்து பாத்தா பச்சைப் பாய் விரிச்ச மாதிரிதான் தெரியும். கீழ வந்து பாருங்க. இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்கும் சுமார் 9 மீட்டர். ஒரு ஹெக்டேர்ல 136, இல்லன்னா 148 மரம்னு முக்கோணமா நட்டிருப்பாங்க. ப்ளேன் ஓட்டப் பழகுற பசங்களோட செஸ்னா 172-க்கு இறக்கை மட்டுமே 11 மீட்டர். எங்க நுழையும்? மெத்துன்னு இருக்குறது உச்சியில உள்ள மட்டைதான். இந்தா, மரத்தைத் தட்டுறேன், கேக்குதா? அந்த இறக்கை வெறும் அலுமினியத் தகடு. நடுவுல தண்ணி போற கான் வேற வெட்டியிருக்கு. லாரி போற மண் ரோட்டுலயும் ரெண்டு பக்கமும் மட்டை தொங்குது.

இன்ஜின் நின்னா கிடைச்ச இடந்தான், வேற வழி இல்ல. 1,000 அடியிலேர்ந்து அந்தச் செஸ்னா மூணு கிலோமீட்டர்கூட முழுசா மிதக்காது. சக்கரம் மட்டும் வரலன்னா அப்படி இல்ல, இன்ஜின் ஓடுது, நேரம் இருக்கு.

சக்கரம் இறங்கிடுச்சுன்னு காட்ட, பைலட்டு முன்னாடி மூணு சக்கரத்துக்கும் மூணு பச்சை விளக்கு. ஒண்ணு எரியலன்னா, சக்கரம் வரலையா, பல்பு போச்சான்னு முதல்ல பாக்கணும். 1972 டிசம்பர் 29, மயாமி பக்கத்துல பெரிய ப்ளேன் ஒண்ணு, ஈஸ்டர்ன் 401. காக்பிட்ல எல்லாரும் எரியாத விளக்கையே நோண்டிக்கிட்டிருக்க, ப்ளேன் மெதுவா இறங்குறதை யாருமே கவனிக்கல. 101 பேரு போயிட்டாங்க. சக்கரம் நல்லாத்தான் இருந்துச்சு, போனது பல்பு!

அதனால ஒருத்தர் ப்ளேனை ஓட்டுறதை மட்டும் பாக்கணும். தனியா இருந்தா முதல்ல அதுதான், அப்புறந்தான் கோளாறு. சில ப்ளேன்ல கைப்பம்பு இருக்கும், அடிச்சுச் சக்கரத்தை இறக்கலாம். ஏர்போர்ட் டவர் பக்கமா தாழப் பறந்து, "சக்கரம் தெரியுதா?"ன்னு கீழ உள்ளவங்ககிட்டக் கேக்கலாம்.

எதுவுமே நடக்கலன்னா டேங்க்ல உள்ள எரிபொருள் எண்ணெயைப் பறந்தே தீர்க்கணும். அதுக்குத்தான் சுத்துறது. எடை குறைஞ்சா இன்னும் மெதுவா வந்து தொடலாம், தீப்பிடிச்சாலும் எரிய எண்ணெய் கம்மி. அப்புறம் நீளமான ரன்வே, ஓரத்துல பொம்பா, அதான் தீயணைப்பு வண்டி, ரெடி. இதெல்லாம் தோட்டத்துல ஏது?

ப்ளேனுக்குச் செலவு இருக்கு, அது நிச்சயம். ஓடுற காத்தாடி, அதான் ப்ரொப்பெல்லர், தரையில அடிச்சா இன்ஜினையும் கழட்டிப் பாக்கணும். பைலட்டு அந்த நேரத்துல அதையெல்லாம் யோசிக்கவே கூடாது, பில்லு முதலாளி பாடு.